திரையின் பெயர் தெரியாத கணினி: ஈடிஐடி பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

பாவூர்சத்திரத்தில் எங்கள் சொந்தக்காரப் பையன் ஒருவன் கடை வைத்திருக்கிறான். கல்யாணப் பத்திரிகை, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஆன்லைன் விண்ணப்பம் என்று எல்லாமே அங்கு உண்டு. போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது கடைக்குள் நுழைகிற நேரத்தில் ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தது. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அடித்த அட்டைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெரியவர் ஒருவர் நின்றார். சத்தம் எதுவும் போடவில்லை. "இது எங்கம்மா மாதிரியே இல்லையே தம்பி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வாங்கிப் பார்த்தேன். படத்தில் இருந்த அம்மாவின் முகம் ஒடுங்கி நீண்டிருந்தது. அவர் கொண்டுவந்திருந்த பழைய போட்டோவில் நல்ல வட்ட முகம்.

"ஸ்கிரீன்ல பாத்தா சரியாத்தான் இருக்கு அண்ணே. பிரிண்டர்தான் ஏதோ கோளாறு பண்ணுது" என்றான் பையன். அவன் சொன்னதும் பொய் இல்லை. திரையில் முகம் சரியாகவே தெரிந்தது. காகிதத்தில்தான் ஒடுங்கியிருந்தது. ஸ்கேன் செய்த மூலப் படத்தைத் திறக்கச் சொன்னேன். அது திரையில் பூசணிக்காய் மாதிரி அகன்று தெரிந்தது. கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "ஒரிஜினல்ல மூஞ்சி ரொம்ப அகலமா இருந்துச்சு. அதான் கொஞ்சம் ஒடுக்கினேன்."

அவள் செய்ததில் தப்பு இல்லை. கண்ணுக்குத் தெரிந்ததைத் திருத்தியிருக்கிறாள். தப்பு கண்ணுக்கு முன்னால் இருந்தது.

ஒரு சதுரம் வரைந்து, ஸ்கேலை எடுத்துத் திரை மேலேயே வைத்து அளந்தேன். உயரம் 9 செ.மீ., அகலம் 12 செ.மீ. செட்டிங்ஸைத் திறந்தால் ரெசல்யூஷன் 1024×768 என்று இருந்தது. பக்கத்தில் 'பரிந்துரைக்கப்படுவது' என்று ஒரு சொல்லும் இருந்தது. அந்த மானிட்டரோ 18.5 அங்குலம், 1366×768. உயரம் சரியாக இருக்க, 1024 புள்ளிகளை இழுத்து 1366 புள்ளிகளின் மேல் போர்த்தியிருந்தது. மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடிவிட்டது. ஒரு வாரமாக இப்படித்தானாம். மேசையை இடம் மாற்றிப் போட்டதிலிருந்து. சர்வீஸ் பார்க்கிற ஒருவர் வந்து, மதர்போர்டில் டிஸ்ப்ளே பகுதி போய்விட்டது, போர்டையே மாற்றணும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

கோளாறைச் சரிசெய்ய அரை மணி நேரம்தான் ஆனது. ஆனால் ஒரு வாரம் அது ஏன் கோளாறாகவே தெரியவில்லை என்கிற கேள்விதான் இந்தக் குறிப்புக்குக் காரணம்.

முதலில் அடிப்படை. கணினி தன்னோடு சேர்ந்திருக்கும் மானிட்டரைப் பார்ப்பதில்லை. அதற்குக் கண் கிடையாது. மானிட்டருக்குள் ஒரு சின்ன நினைவகச் சில்லு இருக்கிறது. அதில் 128 பைட்டுக்கு ஒரு சுயவிவரம் எழுதியிருக்கும். நான் யார் செய்த திரை, எந்த வருடம் செய்தது, என் அகலம் உயரம் எவ்வளவு, எந்தெந்த ரெசல்யூஷன் எனக்கு ஒத்துவரும் என்பதெல்லாம் அதில் உண்டு. அதன் பெயர் எக்ஸ்டெண்டட் டிஸ்ப்ளே ஐடென்டிஃபிகேஷன் டேட்டா, சுருக்கமாக ஈடிஐடி. வீடியோ கருவிகளுக்குத் தரம் வகுக்கும் வெசா அமைப்பு 1994-ல் இதைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால், 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ இணைப்பில் சில ஊசிகளைத் தரையோடு சேர்த்தோ சேர்க்காமலோ விட்டு "நான் கலர் மானிட்டர்", "நான் கறுப்பு வெள்ளை" என்கிற அளவுக்கு மட்டும்தான் சொல்ல முடிந்தது. அந்த வகையில் ஈடிஐடி ஒரு பெரிய தாவல்.

இந்தச் சுயவிவரம் கணினிக்குப் போய்ச் சேர இரண்டே கம்பி. பிலிப்ஸ் நிறுவனம் 1982-ல் உருவாக்கிய ஐ-டூ-சி என்கிற எளிய முறையில் பேசிக்கொள்ளும். விஜிஏ கேபிளில் 12-ஆம் ஊசி தகவலுக்கு, 15-ஆம் ஊசி தாளத்துக்கு. படம் போகும் வழி வேறு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 1, 2, 3-ஆம் ஊசிகளில் போகும். கிடைமட்ட, செங்குத்து ஒத்திசைவு 13, 14-ல் போகும்.

இங்கேதான் வினை. 12-ஆம் ஊசி மட்டும் கெட்டுப்போனால் படத்துக்கு ஒரு குறையும் வராது. நிறம் பளிச்சென்று இருக்கும், நடுக்கம் இருக்காது. பார்க்கிற யாரும் கேபிளைச் சந்தேகப்படவே மாட்டார்கள். திரை அடையாளம் இழந்துவிட்டது என்பது மட்டும் தெரியாது.

கையில் எப்போதும் வைத்திருக்கும் உபுண்டு பென்டிரைவைப் போட்டுக் கடைக் கணினியைத் துவக்கினேன். லினக்ஸில் ஒரு நல்ல பழக்கம், மானிட்டரிடமிருந்து வாங்கிய சுயவிவரத்தை அப்படியே ஒரு கோப்பாக எடுத்துக் காட்டும். கோப்பு இருந்தது. அளவு 0 பைட். மானிட்டர் இணைந்திருக்கிறது என்பது மட்டும் அதற்குத் தெரிந்திருந்தது. விஜிஏவில் நிறக் கம்பிகளின் மறுமுனையில் இருக்கும் 75 ஓம் மின்தடையை வைத்தே அங்கே ஏதோ ஒன்று இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். ஆள் இருக்கு, பேர் தெரியல. அதே 1024×768-தான் இங்கும் வந்தது.

கேபிளைக் கழற்றிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் இரண்டாவது ஊசி மடங்கிப் படுத்திருந்தது. அதுதான் 12. மேசையை நகர்த்திவிட்டுத் திரும்பச் செருகும்போது கோணலாக அழுத்தியிருக்கிறார்கள். இரண்டாவது வரிசையில் ஒரு ஊசி இல்லாமலே இருந்தால் பயப்பட வேண்டாம், 9-ஆம் ஊசி பல கேபிள்களில் வைப்பதே இல்லை. மைக்ரோ டிப் பென்சிலின் முனைக் குழாயை மடங்கிய ஊசி மேல் மாட்டி மெதுவாக நிமிர்த்தினேன். மறுபடி துவக்கியதும் அந்தக் கோப்பில் 128 பைட். சதுரம் சதுரமாகிவிட்டது.

இனி விமர்சனத்துக்கு வருகிறேன். அந்த 128 பைட்டை ஒரு பிரதியாக வைத்து வாசித்தால் அதன் நிறையும் குறையும் தெளிவாகத் தெரியும்.

தொடக்கம் ஒரு காப்பு மாதிரி: ஒரு 0, ஆறு 255, மறுபடி ஒரு 0. இது இல்லாவிட்டால் மேற்கொண்டு வாசிக்க வேண்டியதில்லை. அடுத்த இரண்டு பைட்டில் செய்தவரின் பெயர். மூன்று ஆங்கில எழுத்து, எழுத்துக்கு ஐந்து பிட் என்று அடைத்திருக்கிறார்கள். 30, 109 என்று இருந்தால் பிரித்துப் படித்தால் 7, 19, 13. அதாவது ஜி, எஸ், எம். அது எல்ஜி. எல்ஜியில் ஏது ஜிஎஸ்எம் என்று கேட்டால், அந்த நிறுவனத்தின் பழைய பெயர் கோல்ட்ஸ்டார். 1995-ல் பெயர் மாறியது, குறியீடு மாறவில்லை. லினக்ஸில் சில இடங்களில் எல்ஜி திரை 'கோல்ட்ஸ்டார்' என்று காட்டுவதைப் பார்த்துக் கணினி தப்பாக அடையாளம் கண்டுவிட்டது என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது தப்பு இல்லை, பழைய பெயர். ஊர்ப் பெயர் மாறியும் பத்திரத்தில் பழைய பெயரே தொடர்வது மாதிரி.

பிறகு வரிசை எண்ணுக்கு நான்கு பைட். தயாரிப்பு வருடத்துக்கு ஒரே பைட். 1990-லிருந்து எத்தனை வருடம் தள்ளி என்று எழுதுவார்கள், 24 என்றால் 2014. அகலமும் உயரமும் செ.மீட்டரில் ஆளுக்கு ஒரு பைட். கடைசி பைட் கணக்குச் சரிபார்ப்புக்கு. 128 எண்களையும் கூட்டினால் 256-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும்.

இந்தச் சிக்கனம் எனக்குப் பிடித்திருக்கிறது. காகிதத்தில் எழுதிக் கையாலேயே வாசித்துவிடலாம். அந்தச் சில்லுக்கு வேண்டிய 5 வோல்ட்டைக் கணினியே கேபிள் வழியாகக் கொடுக்கும்படி வைத்ததும் நல்ல யோசனை. மானிட்டரை அணைத்திருந்தாலும் பல திரைகளில் சுயவிவரத்தை வாசிக்கலாம்.

குறைகளும் அதே சிக்கனத்திலிருந்துதான் வருகின்றன. 'ஸ்டாண்டர்டு டைமிங்' என்ற பகுதியில் அகலத்தை எட்டால் வகுத்து, 31 கழித்து, ஒரு பைட்டில் எழுத வேண்டும். 1366 எட்டால் வகுபடாத எண். ஆகவே நம் கடைகளில் சாதாரணமாகக் கிடக்கிற 1366×768 திரை அந்த இடத்தில் தன் அகலத்தைச் சொல்லவே முடியாது. 1360 என்றோ 1368 என்றோதான் சொல்லலாம். விரிவாக எழுதும் இடம் தனியாக உண்டு என்பதால் பிழைத்தோம். லினக்ஸ் கெர்னலில், 1368 என்று வந்தால் அதை 1366 ஆக்கிக்கொள்வதற்கென்றே சில வரிகள் உண்டு.

அளவில் இன்னொரு கூத்து. சில டிவிகள் தங்கள் அகலம் 160, உயரம் 90 என்று எழுதி வைத்திருக்கும். செ.மீட்டர் என்று கொண்டால் 72 அங்குல டிவி. மி.மீட்டர் என்று கொண்டால் 7 அங்குலம். உண்மையில் இரண்டுமே இல்லை, அளவு கேட்ட இடத்தில் 16:9 என்ற விகிதத்தை எழுதியிருக்கிறார்கள். அதை 7 அங்குலம் என்று நம்பினால் எழுத்தெல்லாம் இரண்டு மடங்கு பெரிதாகிவிடும். அதனால் க்னோம் மேசைச் சூழலை எழுதியவர்கள் இந்தக் குறிப்பிட்ட எண்களைக் கண்டால் நம்பாதே என்று நிரலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

வரிசை எண்ணின் கதை இதைவிட மோசம். பல மானிட்டர்களின் எண் 16843009 என்று இருக்கும். ஏதோ பெரிய எண் மாதிரி தெரியும். நான்கு பைட்டிலும் 1 என்று நிரப்பினால் வரும் எண் அது. யாரும் எண்ணே போடவில்லை என்று அர்த்தம். ஒரே மாதிரி இரண்டு திரை வைத்திருப்பவர்களுக்குச் சில நாள் இடது வலது மாறிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, கடைசி பைட்டின் கூட்டுக் கணக்கு எதைக் காக்கிறது? வழியில் எழுத்து சிதைந்ததா என்பதை மட்டும். எழுதினவர் தப்பாக எழுதியிருந்தால் கூட்டுத்தொகை சரியாகவே வரும். இப்படித் தப்பாக எழுதிய திரைகளுக்காகவே லினக்ஸ் கெர்னலில் ஒரு பட்டியல் இருக்கிறது: இந்த நிறுவனக் குறியீடு, இந்த மாடல் எண் வந்தால் இன்னதை நம்பாதே, இன்னதைத் திருத்திக்கொள். பழைய தமிழ்ப் புத்தகங்களில் 'பிழையும் திருத்தமும்' என்று ஒரு தாள் ஒட்டியிருப்பார்களே, அதே வேலைதான்.

இதுவரை சொன்னது எழுதியவரின் குறை. என் முக்கியமான புகார் வாசிப்பவர் மேல். அதாவது கணினி மேல்.

சுயவிவரம் கிடைக்காதபோது என்ன செய்வது? ஏதாவது ஒரு படத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் கறுப்புத் திரையை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. ஆகவே பெரும்பாலான திரைகள் தாங்கக்கூடிய ஒரு பாதுகாப்பான அளவை எடுத்துக்கொள்வது நியாயம். லினக்ஸ் கெர்னலில் 1024, 768 என்ற இரண்டு எண்களும் இதற்காக நேரடியாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஊகிப்பதை நான் குறை சொல்லவில்லை. ஊகித்ததை, தெரிந்த விஷயம் மாதிரி அச்சிடுவதுதான் குறை. 'பரிந்துரைக்கப்படுவது' என்ற அந்தச் சொல்லை யார் பரிந்துரைத்தது? திரை வாயே திறக்கவில்லையே.

கல்வெட்டு வாசிக்கப் பழகுகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளைப் புரட்டினால் சிதைந்த இடங்கள் புள்ளிகளாக இருக்கும், சந்தேகமான எழுத்து சதுர அடைப்புக்குள் இருக்கும். படித்தவருக்கு அந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஒரு ஊகம் இருந்திருக்கலாம். ஆனால் கல்லில் இருந்தது எது, தன் தலையில் இருந்தது எது என்று பிரித்துக் காட்டுவார். புறநானூற்றில் 267, 268-ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. உ.வே.சாமிநாதையர் பதிப்பு 1894-ல் வந்தது. இன்றைக்கும் நம் கைப் புத்தகத்தில் 266-க்கு அடுத்த பாட்டின் எண் 269. எண்களை நெருக்கி 398 பாட்டு என்று யாரும் முடித்து வைக்கவில்லை. அந்தக் காலி இடம்தான் பிற்காலத்தில் ஏடு தேடுகிறவனுக்கு வழிகாட்டும்.

இவ்வளவு தூரம் போக வேண்டாம். பஸ்ஸில் ஏறி "பாவூர் ஒண்ணு" என்று டிக்கெட் கேட்டுப் பாருங்கள். கீழப்பாவூர் இருக்கிறது, மேலப்பாவூர் இருக்கிறது, சத்திரம் இருக்கிறது. கண்டக்டர் தானாக ஒன்றைக் கிழித்துக் கொடுக்க மாட்டார். "எந்தப் பாவூரு?" என்று கேட்பார்.

கடைக் கணினியும் அப்படிக் கேட்டிருக்கலாம். சாதனங்களின் பட்டியலுக்குள் நுழைந்து தேடினால், மானிட்டர் தன்னைத் தெரிவித்துக்கொள்ளாத பொதுவகை என்ற பொருளில் ஒரு ஆங்கிலப் பெயர் இருக்கத்தான் செய்தது. நேர்மையான பெயர்தான். ஆனால் ரெசல்யூஷன் மாற்றப் போகிற யாரும் அந்த அறைக்குள் போக மாட்டார்கள், போனாலும் அந்தச் சொற்களுக்குக் கேபிளைப் பார் என்று அர்த்தம் எடுக்க மாட்டார்கள். 'பரிந்துரைக்கப்படுவது' என்று போட்ட அதே இடத்தில் ஒரே ஒரு வரி போதும்: "மானிட்டரிடமிருந்து தகவல் வரவில்லை, இது என் ஊகம், கேபிளைச் சரிபாருங்கள்." அந்த வரி இருந்திருந்தால் சர்வீஸ்காரரும் போர்டை மாற்றச் சொல்லியிருக்க மாட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு முன்னால் இருந்த ஒரே சாட்சி, தனக்கு எல்லாம் தெரியும் என்ற முகத்தோடு இருந்தது.

பையன் ஒரு கேள்வி கேட்டான். "எதுக்குண்ணே இவ்வளவு? அளவ நாமளே கையால 1366-னு வச்சுட்டா முடிஞ்சுபோச்சுல்லா?" வைக்கலாம். நிறைய பேர் அதைத்தான் செய்கிறார்கள். லினக்ஸில் ஈடிஐடியின் நகலையே ஒரு கோப்பாக வைத்து, திரையைக் கேட்காமல் இதையே வாசி என்று கெர்னலுக்குச் சொல்லவும் முடியும். சில்லு உண்மையிலேயே செத்துப்போன பழைய மானிட்டருக்கும் புரொஜெக்டருக்கும் அதுதான் வழி. ஆனால் மடங்கிய ஊசியை வைத்துக்கொண்டு இதைச் செய்தால், நாளைக்கு வேறு திரையை மாட்டும்போது கணினி பழைய திரையின் பெயரையே நம்பிக்கொண்டிருக்கும். கணினியின் ஊகத்துக்குப் பதில் நம் ஊகம், அவ்வளவுதான்.

அதனால் நான் சொல்லிக்கொடுத்த வரிசை இது. படம் அகன்றோ மங்கலாகவோ இருந்தால் முதலில் சதுரம் வரைந்து அளந்து பார். பிறகு மானிட்டரின் பெயர் சரியாக வந்திருக்கிறதா பார். வரவில்லையென்றால் கேபிளைக் கழற்றி ஊசிகளைப் பார். வேறு கேபிள் போட்டுப் பார். மானிட்டரின் மின்சாரத்தையே ஒரு நிமிடம் பிடுங்கிவிட்டுப் போட்டுப் பார். நடுவில் எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் கருவி இருந்தால் அதை எடுத்துவிட்டுப் பார், ஏனென்றால் சில மாற்றிகள் திரையின் சுயவிவரத்தைக் கடத்தாமல் தங்களுடையதையே கொடுத்துவிடும். அதே மானிட்டரை வேறு கணினியில் மாட்டிப் பார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் டிரைவர், கார்டு, மதர்போர்டு.

அட்டையை மறுபடி அடித்தோம். பெரியவர் பழைய போட்டோவைப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "ஆங், இதுதான்" என்றார். காசு கொடுக்கப் போனவரைப் பையன் தடுத்துவிட்டான்.

கடைக் கணினியின் டெஸ்க்டாப்பில் இப்போது 'சதுரம்' என்று ஒரு கோப்பு இருக்கிறது. காலையில் கடை திறந்ததும் அந்தப் பிள்ளை அதைத் திறந்து, ஸ்கேலை வைத்து இரண்டு பக்கமும் அளந்துவிட்டுத்தான் போட்டோ வேலையை ஆரம்பிக்கிறாள்.